பெயர் சொல்லிப் புகை போடுகிற ஊர்

என் வீட்டுக்காரரைத் திட்டிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஆள் எதிரில் இருந்தால்தானே திட்ட முடியும். கல்வராயன் மலைமேல் அத்திக்குழி என்று ஒரு ஊர். அங்கே நடுவதற்கு மரவள்ளிக் குச்சி நல்லதாகக் கிடைக்கிறது, பார்த்துவிட்டு இரண்டே நாளில் வந்துவிடுகிறேன் என்று ஐப்பசிக் கடைசியில் கிளம்பிப் போனவர்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரே ஒரு போன் வந்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே பேசினார்.

“சுதா, இங்க ஒரு அம்மா காலு ஒடிஞ்சி ஒக்காந்துகினு கீது. ஊர்ல வேற ஆளே இல்ல. பதினாலு வூட்டுக்கும் அடுப்பு பத்த வெக்கணுமாம். நாலு நாளு இருந்துட்டு வரேன்.”

“நம்ம வூட்டு அடுப்ப யாரு பத்த வெக்கறது?”

“நமக்குத்தான் கேஸ் கீதே.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எப்போது போட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு நாள் எட்டு நாள் ஆயிற்று. கரும்பை வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து ஆள் வந்துவிட்டுப் போனார். இரண்டு மாட்டையும் நானே பார்த்தேன். வாயில் வந்த வசவை எல்லாம் மாட்டிடம்தான் கொட்டினேன்.

கோபம் ஒரு பக்கம். உண்மையில் எனக்குப் பயம். எங்கள் ஒரே மகள் தனுஷா இரண்டு வருஷத்துக்கு முன் வாய்க்காலில் போய்விட்டாள். ஒன்பது வயது. அன்றிலிருந்து இவர் சரியாக இல்லை. கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துவிட்டு, இளவரசன், ஜெயசுதா, தனுஷா, உத்திரட்டாதி நட்சத்திரம், மீன ராசி என்று மூன்று பெயரையும் சொல்லுவார். குருக்கள் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். வெளியே வந்ததும் சண்டை. இருந்தாலும் அந்த வீட்டில் சண்டை போடவாவது ஒரு ஆள் இருந்தார். இவரும் போய்விட்டால் நான் ஒருத்திதான்.

இதற்கு நடுவே எனக்கே ஒரு கோளாறு. அவர் போன ஐந்தாம் நாளிலிருந்து என் தலைமுடியில் விறகுப் புகை நாற்றம் அடித்தது. நான் விறகு அடுப்பைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. இரண்டு முறை சீயக்காய் போட்டுக் குளித்தும் போகவில்லை. பசியும் எடுக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்ந்தால், இப்போதுதான் சாப்பிட்டு எழுந்த மாதிரி வயிறு நிறைந்திருக்கும். கவலையில் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸில் ஏழு பேர். மலை ஏற ஏற ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. கோடையில் கார் கட்டி வருகிற கூட்டமெல்லாம் இந்த மாதத்தில் கிடையாது. மழைக்கு அருவியை மூடிவிடுகிறார்கள். குளிரும் இன்னும் சரியாக இறங்கவில்லை. வழியில் பஜ்ஜிக் கடைகளைத் தார்ப்பாய் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்.

வெள்ளிமலையில் இறங்கி விசாரித்தபோது, ரேஷன் அரிசி ஏற்றிக்கொண்டு போகிற ஒரு வண்டியைக் காட்டினார்கள். டிரைவர் பெயர் கண்ணாயிரம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

“அத்திக்குழியில இப்ப யாரும் இல்லியேம்மா. எல்லாம் குடகுக்கு காப்பி பறிக்கப் போய்ட்டாங்க. தை பொறந்தாதான் வருவாங்க.”

“என் வூட்டுக்காரரு கீறாரு.”

“அங்க இன்னா பண்றாரு?”

“அதத்தான் கேக்கப் போறேன்.”

அவர் சிரிக்கவில்லை. மண் பாதை பிரிகிற இடத்தில் இறக்கிவிட்டு, “நாலரைக்குத் திரும்பி வருவேன், இங்கியே நில்லுங்க. அத்த விட்டா நாளைக்குத்தான் வண்டி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போது மணி இரண்டு.

பாதை முழுக்க ஈரம். ஒரு கிலோமீட்டர் நடந்ததும் ஊர் வந்தது. பாதி ஓட்டு வீடுகள், பாதி அரசாங்கம் கட்டிக் கொடுத்த தளம் போட்ட வீடுகள். எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது. ஒரு கோழி இல்லை, ஒரு நாய் இல்லை. ஆனால் வாசல் எல்லாம் பெருக்கியிருந்தது. கொடியில் துணி காயவில்லை, குழாயடியில் குடம் இல்லை. அப்படியும் ஓட்டிடுக்கிலும் ஜன்னலிலும் மெல்லிசாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. உள்ளே ஆள் உட்கார்ந்து சமைத்துக்கொண்டு, நான் போவதற்காகப் பேச்சை நிறுத்தி வைத்திருப்பது போலிருந்தது. எனக்குச் சட்டென்று யாரையாவது சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும் போலத் தோன்றியது. கூப்பிடவில்லை.

முதல் வீட்டு வாசலில் மட்டும் ஒருத்தி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். ஒரு காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள். தெரிந்தவளைப் பார்ப்பது போல மறுபடி மொச்சைக்குத் திரும்பிக்கொண்டாள்.

“இன்னாம்மா, சேல மாத்திக்கினியா? காலையில பச்ச கட்டியிருந்த.”

“நான் இப்பதான் வரேன். கச்சிராயபாளையத்துலேர்ந்து.”

அவள் கை நின்றது.

“இளவரசன் பொண்டாட்டிதான நீ?”

“ஆமா.”

“இத்தன நாளா அந்தக் கடைசி வூட்ல இருக்கறது யாரு அப்ப?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அட பாவி மனுஷா, இதற்குத்தான் பன்னிரண்டு நாளா என்று நினைத்தேன். ஒருத்தியை வைத்துக்கொண்டு மரவள்ளிக் குச்சி என்று கதை விட்டிருக்கிறார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பிய என்னை அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கை ஜில்லென்று இருந்தது.

“கோவப்படாத. மொதல்ல இந்தத் தண்ணியக் குடி.”

நான் குடிக்கிற வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேற்றில் ஊறிய என் செருப்பைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

“உன் பேரு?”

“ஜெயசுதா.”

“அவ பேரும் அதான்” என்றாள். “மொகமும் இதான். இந்த மூக்குத்திதான். தெனம் வாசல் வரைக்கும் வந்து தட்டு கழுவின தண்ணிய ஊத்திட்டு உள்ள போவா. கூப்டா திரும்ப மாட்டா. பொண்டாட்டி கோவக்காரின்னு அவரு சொல்லியிருந்தாரா, அதான் பேச மாட்டேங்கறான்னு நெனச்சிக்கினேன்.”

அவள் பெயர் செவ்வந்தி. அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஊர் மொத்தமும் வெளியூர் வேலைக்குப் போகிற இந்த இரண்டு மாதம், ஒருவர் மட்டும் ஊரில் தங்க வேண்டும். இந்த வருஷம் செவ்வந்தியின் முறை. மத்தியானத்தில் ஒவ்வொரு வீடாகத் திறந்து அடுப்பு மூட்டிப் புகை போட வேண்டும். சேர்த்து வைத்திருக்கிற சாமைக்குப் பூச்சி வராது என்பது ஒன்று. அது மட்டும் இல்லை. அந்த வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தட்டில் ஒரு கை கூழ் ஊற்றி, அவரவர் பெயரைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

“பனி எறங்கற நேரத்துல வூட்டக் காலியா வெக்கக் கூடாது. காலியா கெடந்தா வேற இன்னாவாச்சும் வந்து குடியேறிக்கும். பேரக் கேட்டா வூடு ஆளு உள்ள கீதுன்னு நம்பிக்கும். அவங்க திரும்பி வந்து வாசல்ல நின்னு, சொன்ன பேர எல்லாம் வெளிய கூப்டுட்டு, அடுப்புல தண்ணி ஊத்திட்டு உள்ள போவாங்க.”

“எங்க வூட்டுக்காரரு இன்னா பண்ணாரு?”

“மழையில வழுக்கி விழுந்தேன். அவருதான் தூக்கி ஒக்கார வெச்சி, நான் புகை போடறேன் நீ கெடன்னாரு. படுத்துக்க அந்தக் கடைசி வூட்டக் குடுத்தேன். அது திருப்பூருக்கே போயிட்ட குடும்பம், இனிமே வர மாட்டாங்க. அங்கியும் அடுப்பு மூட்டி உங்க பேரு மட்டும் சொல்லுங்கன்னுதான் சொன்னேன்.”

மீதியை அவள் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த மனுஷனை எனக்குத் தெரியாதா? பெயர் சொல்லு என்றால் கோயிலில் சொல்கிற மாதிரிதான் சொல்லியிருப்பார். நட்சத்திரம், ராசியோடு மூன்று பெயரையும் சொல்லியிருப்பார்.

“வராத ஆளு பேர வூட்டுக்குள்ள சொல்லவே கூடாதும்மா” என்றாள் செவ்வந்தி. “சொன்னா, வூடு அந்த ஆள எங்கியாச்சும் தேடிப் புடிச்சி வெச்சிக்கும். உன்ன உன் வூட்லேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா எடுத்திருக்குது. உனக்கு ஒண்ணும் தெரியலியா?”

நான் என் முடியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். என் பங்குச் சோற்றை இங்கே எனக்காக ஒருத்தி எட்டு நாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

“பாப்பா?” என்று கேட்டேன். “சின்னப் பொண்ணு யாராச்சும் கண்ணுல பட்டுச்சா?”

“இல்ல. அவரும் அத்தத்தான் தெனம் கேட்டுக்கினு கீறாரு.”

இதை எப்படிச் சரி செய்வது என்று கேட்டேன். பெயரை உள்ளே வைத்தவர் வெளியே கூப்பிட முடியாதாம். அந்தப் பெயர்களில் இருக்கிற இன்னொருவர்தான் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். மூன்று பெயரையும் கூப்பிட்டு முடித்த பிறகுதான் அடுப்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

“ஒரு பேர உட்டுட்டா?”

“அது இங்கியே தங்கிடும். எங்க சின்ன மாமியா அப்டித்தான் அவ பேரயே கூப்டாம உட்டுட்டா. சாவற வரைக்கும் பாதிச் சோறுதான் தின்னா. யாராச்சும் சிரிச்சா, எதுக்கு சிரிக்கறாங்கன்னு பாத்துக்கினே இருப்பா. மீதி இங்க கெடந்துச்சி.” ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். “மூணையும் கூப்டு. இந்த ஊர்ல எதையும் வெச்சிட்டுப் போவாத.”

கடைசி வீடு தனியாக, ஒரு பலா மரத்தை ஒட்டி இருந்தது. ஓட்டு வீடு. மூடுபனி ஓட்டுக்குமேல் இறங்கி உட்கார்ந்திருந்தது. நான் போகும்போது இவர் கையில் சுள்ளிக் கட்டோடு வந்தார். சவரம் செய்து, தலை வாரி, ரொம்ப நாளைக்கப்புறம் மனுஷனாகத் தெரிந்தார். என்னைப் பார்த்ததும் குழம்பிப்போய் வீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ எப்ப வெளிய போன?”

அந்த ஒரு கேள்விக்கு என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

“நான் வெளிய போவலங்க. இப்பதான் பஸ் ஏறி வந்தேன்.”

“வெளயாடாத சுதா. எட்டு நாளா கூடத்தான கீற. ஒரு சண்ட இல்ல, ஒரு வசவு இல்ல. எவ்ளோ நிம்மதியா கீது தெரியுமா.”

“வசவு இல்லாம நான் எப்பங்க இருந்திருக்கேன்? அதுலயாச்சும் உங்களுக்குச் சந்தேகம் வரலியா?”

சுள்ளியை இறக்கி வைத்தார். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தேன். அடுப்புக்கு முன்னால் மூன்று அலுமினியத் தட்டு. இரண்டு துடைத்துச் சுத்தமாக இருந்தது. மூன்றாவதில் கூழ் காய்ந்து ஆடை கட்டியிருந்தது. அடுப்புக்குப் பின்னால் ஒரே இருட்டு. அங்கே யாரும் தெரியவில்லை. ஆனால் நான் பார்க்கிற மாதிரியே அங்கிருந்தும் பார்க்கிறார்கள் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

“வூட்டுக்குப் போவலாம் வாங்க.”

“பாப்பா வரட்டும்” என்றார், ரொம்பச் சாதாரணமாக. “நீ மூணாம் நாளே வந்துட்ட. அம்மா வந்தா பொண்ணு வராம போயிடுமா? இன்னும் நாலு நாளு பாப்போம். நான் போயிட்டா இங்க பேரு சொல்ல ஆளு இல்ல.”

“அவ இனிமே வர மாட்டா. நம்ம கையாலதான அவள…”

“அப்டி சொல்லாத.”

அவர் குனிந்து உள்ளே போனார். அடுப்பைக் கிளறி ஊதினார். புகை எழும்பி அவரை மறைத்தது. இளவரசன், ஜெயசுதா, தனுஷா என்று அவர் பெயர் சொல்லுவது கேட்டது. கோயிலில் கேட்டபோது எரிச்சல் வந்த அதே குரல்தான். இங்கே கேட்டபோது வாசலை விட்டு ஓரடி பின்னால் போனேன். ஏனென்றால் இரண்டாவது பெயருக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் “ம்” என்றாள்.

மணி நாலாகியிருந்தது. இனி யோசித்துக்கொண்டிருந்தால் இவரை இழந்துவிடுவேன். வாசலுக்கு நேராக, சொம்பைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் புருஷன் பெயரை நான் வாயால் சொன்னது பேங்க்கிலும் ரேஷன் கடையிலும்தான். அதுவும் மெதுவாக. இப்போது தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

“இளவரசன்.”

யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி வெளியே வந்து விழுந்தார். வாசலில் மண்டியிட்டு இருமினார். கண்ணெல்லாம் சிவந்து, இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது.

“சுதா, எப்ப வந்த? மாட்ட யாருகிட்ட உட்டுட்டு வந்த?”

இப்போதுதான் என் புருஷன் பேசினார். அவரைப் பிடித்துத் தூக்கிப் பலா மரத்தடியில் உட்கார வைத்து, என் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அடுத்தது என் பெயர். சொல்ல வாயைத் திறந்தேன்.

உள்ளே தட்டு நகர்கிற சத்தம் கேட்டது.

“இன்னும் ஒரே ஒரு வாய்” என்றாள் அந்தப் பெண். அது என் குரல். ஆனால் இப்படி ஒரு பொறுமையான குரல் என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. “அவசரமே இல்ல. மெதுவா துன்னு. அம்மா இங்கியேதான் கீறேன்.”

அதற்குப் பிறகு ஒரு விக்கல்.

சின்னதாக, தொண்டைக்குள்ளேயே அடங்கிப்போகிற விக்கல். கூழ் என்றால் அவளுக்கு மூன்றாவது வாய்க்கு விக்கல் வந்துவிடும். உலகத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு விக்கல் வந்தாலும் அதை நான் தனியாகக் கண்டுபிடித்துவிடுவேன். அம்மா வந்ததால்தான் வந்திருக்கிறாள். இவர் சொன்னது சரிதான். நாள்தான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

ஓடி உள்ளே போய்விட வேண்டும் என்றுதான் கால் துடித்தது. போனால் யாரைப் பார்ப்பேன்? என்னை அல்லவா பார்ப்பேன். வாசலிலேயே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருட்டுக்குள் ஒரு கை ஒரு சின்னத் தலையைத் தடவிக் கொடுக்கிற அசைவு மட்டும் தெரிந்தது. பயமாக இருந்தது. பயத்தைவிடப் பொறாமையாக இருந்தது.

அன்று காலை என்ன நடந்தது என்று நான் இவரிடம்கூடச் சொன்னதில்லை. கூழ் வேண்டாம் என்று அடம் பிடித்தாள். பட்டினி கிட என்று தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு நான் வயலுக்குப் போய்விட்டேன். அவள் தனியாகத்தான் வாய்க்காலுக்குப் போயிருக்கிறாள்.

என் பெயரைக் கூப்பிட்டால் அந்தப் பெண் வெளியே வந்துவிடுவாள். பிள்ளை மறுபடி தட்டுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும். பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டால், வெளியே வந்து அவள் எங்கே போவாள்? வாய்க்காலைத் தவிர அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

நான் கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினேன். சொம்புத் தண்ணீரைப் பலா மரத்துக்கு ஊற்றினேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் இன்னும் ஒரு துளி ஆசை இருந்தது.

“பாப்பா வரவே இல்ல சுதா. வருவான்னு இருந்தேன்.”

“வரலங்க” என்றேன். “வாங்க, வண்டி போயிடும்.”

செவ்வந்தி வாசலிலேயே காத்திருந்தாள். இவரைப் பார்த்து நல்லபடியாகப் போய்வரச் சொன்னாள். இவர் கொஞ்சம் முன்னால் போனதும் என் கையைப் பிடித்தாள்.

“மூணையும் கூப்டியா?”

“கூப்டேங்க.”

கடைசி வீட்டு ஓட்டிலிருந்து புகை நிதானமாக எழுந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

“உனக்குப் பாதிதான் மிஞ்சும்மா. தெரிஞ்சிதான் செய்யிறியா?”

“இவருக்கு அது போதுங்க. அங்கியும் அடுப்பு அணையாம பாத்துக்குங்க. நான் அரிசி அனுப்பறேன்.”

“குச்சி ஊனிக்கினு நானே பாத்துக்கறேன், போ” என்றாள்.

இவர் பாதையில் நின்று எனக்காகத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் பின்னால் நடந்தேன். உடம்பு லேசாக இருந்தது, எதையோ எடுத்துவிட்ட இடம் போல. அழுகை வரவில்லை. வர வேண்டிய அழுகையையும் அவளிடமே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. இந்த முறை என் பிள்ளையை நான் தனியாக விட்டுவிட்டு வரவில்லை.